நாக்குக்கு அடியில் ஒரு நூல்

வெள்ளிக்கிழமை காலை எங்கள் பூனை முத்து சத்தி எடுத்தான். வெறும் மஞ்சள் நுரை. பூனை மயிர் விழுங்கிச் சத்தி எடுப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம். ஆனால் பின்னேரம் அம்மா சூடை மீன் வெட்டும்போது குசினி வாசலை விட்டு அசையாதவன், அன்று கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான்.

சனிக்கிழமை ஓரிடத்தில் காட்டினோம். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பூச்சிக் குளிசை தந்து அனுப்பினார்கள். அதையும் சத்தி எடுத்தான். அப்படிப் போன இரண்டு நாட்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

திங்கள் காலை யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஓட்டோ பிடித்து, திருநெல்வேலிப் பக்கம் இன்னொரு மிருக வைத்தியரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில ஆராவது தைக்கிறவையோ?" அம்மா தைப்பவர். உடனே முத்துவின் வாயைத் திறந்து, கீழ்த்தாடையின் வெளிப்பக்கம் நடுவில் பெருவிரலை வைத்து மெல்ல மேலே அழுத்தினார். நாக்கு உயர்ந்தது. அதன் வேரைச் சுற்றி, சதைக்குள் பதிந்து, மெல்லிய வெள்ளைக் கோடு. அம்மாவின் தையல் நூல்.

நான் கையை நீட்டிவிட்டேன். "இழுக்காதேங்கோ பிள்ளை" என்று தடுத்தார். ஒரு முனை நாக்கில் மாட்டியிருக்க, மிச்ச நூல் குடலுக்குள் போய்விடுகிறது. குடல் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், நூலோ நகராது. கடைசியில் பாவாடை நாடாவை இழுத்ததுபோல் குடல்தான் நூலில் சுருங்கி ஏறும். அந்த நேரத்தில் இழுத்தால் நூல் குடலை அறுத்துவிடும். பின்பக்கத்தால் தொங்கினாலும் இதே கதைதான்.

எக்ஸ்ரேயில் நூல் தெரியவில்லை. குடல் ஒரு பக்கம் திரண்டு, இடையிடையே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களாகத் தெரிந்தது. உடம்பில் நீர் வற்றியிருந்தது. பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் கூடாரம்போல அப்படியே நின்றது. முதலில் சேலைன் ஏற்றினார்கள், பிறகு சத்திரசிகிச்சை. நாக்கடியில் நூலை வெட்டிவிட்டு, குடலில் மூன்று இடங்களில் சிறிதாகத் திறந்து துண்டு துண்டாக எடுத்தார். குடலில் ஓட்டை விழவில்லை என்று அவர் வெளியே வந்து சொன்னபோது அம்மா வாங்கிலேயே இருந்து அழுதுவிட்டார்.

அடுத்த நாளே உப்பில்லாமல் அவித்த கோழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். பூனை நாட்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடுமாம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இன்னும் கவனம் வேண்டும், குடலில் போட்ட தையல் விடுவதென்றால் பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல், சத்தி, சோர்வு, எது தெரிந்தாலும் இரவென்று பாராமல் கொண்டு வரச் சொன்னார். நாலாம் நாள் இரவு முழுக்க அவனுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன்.

ஆறாம் நாள் பின்னேரம் அம்மா சூடை மீனுக்குச் செதில் உரசத் தொடங்கினார். முத்து மெல்ல நடந்து வந்து குசினி வாசலில் இருந்தான். ஊசியும் நூலும் இப்போது மூடி இறுகிய பிஸ்கட் டின்னுக்குள்.