பக்கிங்காம் டியூக்கும் என் எம்-புக்கும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த செக்ஷன், அதாவது நான் மேற்பார்வை பார்க்க வேண்டிய பகுதி, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஓடும் பக்கிங்காம் கால்வாய். ஓடும் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். சுமார் 8 கிலோமீட்டர் தூரம். சேப்பாக்கம், மயிலாப்பூர் வழியாகப் போகும். அதில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும்தான் இருந்தன.

முதல் வேலையே தூர்வாருவது. இதில் கணக்கு எளிது. வெட்டுவதற்கு முன் ஒரு லெவல், அதாவது தரைமட்டத்தின் அளவு, எடுக்க வேண்டும், வெட்டிய பின் ஒரு லெவல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எடுத்த மண். அதை எம்-புக்கில், அதாவது வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகத்தில், ஏற்றிக் கையெழுத்துப் போட்டால் பில். காகிதத்தில் எல்லாம் சரி. சேறுதான் காகிதத்தைப் படிப்பதில்லை. இருபுறமும் நிற்கும் கொழகொழ வண்டல், வெட்டிய பள்ளத்தை ராவோடு ராவாக வந்து நிரப்பிவிடும். திங்களன்று இடுப்பளவு வெட்டிய இடத்தில் வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் என்ற அளவுகோலை வைத்தால் முழங்கால் அளவுதான் காட்டும். நான் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினேன். ஒப்பந்தக்காரர் அதைக் கொண்டுபோய் ஆட்களின் கூலியில் கழித்தார். அடுத்த நாள் சித்தாள் ஒருவர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நாலு நாளா தலையில சுமந்து கரையில கொட்டுனேனே சார், அது எங்க போச்சு?"

லெவல் புத்தகத்தைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது காட்டிய பிறகுதான் உறைத்தது.

கொஞ்ச நாள் கழித்து, கரைப் புறம்போக்கின் பழைய எல்லையைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். எல்லை கிடைத்ததோ இல்லையோ, கால்வாய்க்குப் பெயர் கொடுத்த மனிதர் கிடைத்தார். மூன்றாம் பக்கிங்காம் டியூக். முழுப்பெயர் ரிச்சர்ட் பிளான்டாஜெனட் கேம்பல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். எங்கள் வருகைப் பதிவேட்டில் இந்தப் பெயருக்கு இரண்டு வரி வேண்டியிருக்கும்.

பெயர் நீளமாக இருந்த அளவுக்குக் கையில் காசு இல்லை. அவருடைய அப்பா பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல் கடன் வைத்தவர். 1848-இல் அவர்களுடைய ஸ்டோவ் மாளிகையின் சாமான்களை நாற்பது நாள் ஏலம் போட்டார்கள். அப்போது மகனுக்கு வயது 24. அவர் முடங்கிவிடவில்லை. 1853 முதல் 1861 வரை லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்து வேலை பார்த்தார். ஒரு டியூக்கின் வாரிசு ரயில் கம்பெனி கணக்கில் மூழ்கிக் கிடந்தது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அரசியல் ஏறுமுகம். 1867 ஜூலை 1-இல் கனடா ஒரே நாடாக உருவானபோது லண்டனில் காலனிகளுக்கான அமைச்சர் இவர்தான். 1875-இல் சென்னை மாகாண கவர்னராக வந்தார்.

வந்த மறு வருடம் மழை பொய்த்தது. நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொன்னது இதைத்தான். 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. டியூக்கின் அரசாங்கம் முன்கூட்டியே 30,000 டன் தானியம் வாங்கி வைத்தது. அரசாங்கமே சந்தையில் இறங்குவதா என்று அன்றைய தலைநகர் கல்கத்தாவில் கோபப்பட்டார்கள். 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார் வைஸ்ராய் லிட்டன், செலவைக் குறைக்கச் சொல்லி. (இங்கே ஒரு ரிச்சர்ட் டெம்பிள், கவர்னர் பெயரிலும் ஒரு ரிச்சர்ட், ஒரு டெம்பிள். யார் யாரைத் திட்டுகிறார் என்று புரிய எனக்கு அரை நாள் ஆனது.) நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம், கூட ஓர் அணா. இதுதான் டெம்பிள் கூலி. இது உயிரைத் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எழுதினார். அதன் பிறகுதான் கூலி உயர்ந்தது.

அந்த இடைப்பட்ட மாதங்களுக்கு டியூக்கும் பொறுப்பு. அவர் நல்லவர் என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கல்கத்தாவை மீறத் தயங்கினார், பிறகு மீறினார். ஆகஸ்டில் சென்னையில் கூட்டம் கூட்டி லண்டன் மக்களிடம் உதவி கேட்டார். லிட்டனுக்கு அது ரசிக்கவில்லை. ஆனாலும் 5 லட்சம் பவுண்டுக்கும் மேல் பணம் வந்தது. அதே பஞ்ச வேலையில்தான், 1877-78-இல், என் செக்ஷனின் 8 கிலோமீட்டரும் வெட்டப்பட்டது. வடக்கே எண்ணூர் வரை 1806 முதலே கால்வாய் உண்டு. நகரத்துக்குள் விடுபட்டிருந்த கண்ணி இது.

ஆவணக் காப்பகத்தின் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நான் யோசித்தது கவர்னரைப் பற்றி அல்ல. அந்த வேலைத்தளத்திலும் ஓர் ஓவர்சியர் இருந்திருப்பார். கையில் டேப்போ கழியோ வைத்துக்கொண்டு, இன்று இவ்வளவுதான் என்று எழுதியிருப்பார். பசியில் இருந்தவர்கள் வெட்டிய பள்ளத்திலும் சேறு வழிந்திருக்கும்.

டியூக் 1880-இல் ஊர் திரும்பி 1889-இல் இறந்தார். மூன்று மகள்கள், ஆண் வாரிசு இல்லை. டியூக் பட்டம் அவரோடு போயிற்று. பெயர் மட்டும் எங்கள் டிராயிங்குகளில் 'பி.கெனால்' என்று தேய்ந்து நிற்கிறது.

அடுத்த வருடத் தூர்வாரலில் லெவலை விட்டுவிட்டு, கரையில் கொட்டிய குவியலை அளந்தேன். நீளம், அகலம், உயரம், குவியலுக்குள் இருக்கும் காற்று இடைவெளிக்குக் கழிவு. மேலதிகாரியிடம் முன்னனுமதி வாங்க மூன்று முறை நடந்தேன். ஆடிட்டில் கேள்வி வந்தது: வழக்கமான முறையை மாற்றியது ஏன்? வண்டல் திரும்ப வழிவதைச் சொல்லி நாலு வரி பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். அந்த அம்மாவைத் தேடினேன். அவர் அந்த வருடம் வேலைக்கு வரவில்லை.