நாலு அடுக்கு கிட்டாரில் கரகரப்பை எங்கே நிறுத்துவது

ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) நாலு முறை வாசித்துப் பதிந்து அடுக்கும்போது முதலில் கைவைக்க வேண்டியது கெயினில்தான், அதாவது ஆம்ப்ளிஃபயரில் கரகரப்பைக் கூட்டும் குமிழில். தனியாகக் கேட்கையில் மிரட்டுகிற கெயின், நாலும் சேர்ந்ததும் கூழாகிவிடும். டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, ஒலி அலையின் உச்சிகளை வெட்டுவதால் பிக் கம்பியில் படும் முதல் தட்டல் மங்குகிறது. அப்படி மங்கிய நாலு டிராக் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மிஞ்சுவது இரைச்சல். ஒற்றை டிராக்குக்குக் கெயின் குமிழ் 7இல் சரியாக இருந்தால், நாலு டிராக்குக்கு 4 அல்லது 5இல் தொடங்குகிறோம். தனியாகக் கேட்டால் சோகையாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

நாலும் நிஜமாகவே தனித்தனி டேக்காக (ஒவ்வொரு முறையும் புதிதாக வாசித்துப் பதிந்ததாக) இருக்க வேண்டும். ஒரே டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. நகலை 15 மில்லிசெகண்ட் தள்ளிவைத்தால் ஹெட்போனில் அகலமாகத் தோன்றும். மோனோவில் (இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து) போட்டதும் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிட, ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூனிங் பார்ப்பதில் சோம்பல் கூடாது.

ஆம்ப் ஒலியோடு டிஐ சிக்னலையும் (ஆம்ப் வழியாகப் போகாமல் கிட்டாரிலிருந்து நேராக எடுத்தது) பதிந்து வைத்துக்கொண்டால் கெயினைப் பிறகு மாற்ற முடியும். முதல் ஜோடியை முழு இடம், முழு வலம் வைக்கிறோம். இரண்டாவது ஜோடி இரு பக்கமும் 75 சதவீதத்தில், 4 முதல் 6 டெசிபெல் தாழ்வாக, வேறு ஸ்பீக்கர் கேபினெட் ஒலியில்.

கரகரப்பு எவ்வளவு தாங்கும் என்பதைக் கார்டும் தீர்மானிக்கிறது. பவர் கார்டில் மூலசுரமும் ஐந்தாம் சுரமும் மட்டுமே இருப்பதால் கெயினை ஏற்றினாலும் தெளிவு நிற்கும். கிட்டாரின் சம இடைவெளி டியூனிங்கில் மேஜர் மூன்றாம் சுரம் இயல்பான இசைவிலிருந்து சுமார் 14 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயர்ந்திருக்கும். டிஸ்டார்ஷன் அந்தப் பிசகைப் பெரிதாக்கிக் காட்டும். முழு கார்டு வரும் பகுதிக்கு மட்டும் கெயினைக் குறைத்துத் தனி டிராக்காகப் பிரிப்பதே நல்லது. சுரங்களைத் தனித்தனி டிராக்கில் வாசித்தால் இன்னும் சுத்தம்.

ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிறோம். அந்த இடம் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும். பாம் மியூட்டில் (உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை அழுத்தி வாசிக்கையில்) 150 முதல் 250 ஹெர்ட்ஸ்வரை குபுகுபுவென்று பொங்கும். அங்கே நிரந்தரமாகக் குறைத்தால் மற்ற இடங்களில் உடம்பு போய்விடும். அந்தப் பட்டையை மட்டும் மல்டிபேண்ட் கம்ப்ரஸரால் (ஒரு பட்டை பொங்கும்போது மட்டும் அதை அமுக்கும் கருவி) பிடிப்பதே சரி. சுமார் 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டினால் ஈ மொய்ப்பது போன்ற சிணுங்கல் அடங்கும்.

இனிதான் முடிவு. டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் ஓட, குறைந்த சத்தத்தில் வைத்து, நாலு டிராக்கின் கெயினையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம். பிக்கின் தட்டல் எந்த இடத்தில் காணாமல் போகிறதோ அதிலிருந்து ஒரு படி இறங்கி நிற்கிறோம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒலி அளவைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் சத்தம் கூடியதையே நல்ல டோன் என்று காது நம்பிவிடும்.

இதற்குப் பிறகும் கரகரப்பு போதவில்லை என்றால் கிட்டாரைத் தொடாமல் பேஸ் கிட்டாருக்குப் போகிறோம். பேஸ் டிராக்கின் நகலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, டிஸ்டார்ஷன் ஏற்றி, அசலுக்கு அடியில் மெல்லக் கலக்க வேண்டும். அந்த நகலை மியூட் செய்தால் கிட்டார்கள் மெலிந்ததாகத் தோன்ற வேண்டும். பேஸே மாறியதாகக் கேட்டால் நகலின் சத்தம் அதிகம்.