டான்சில் ஆபரேஷனா? கேஸ் ஷீட்டை ஒரு தடவை வாங்கிப் படித்துவிடுங்கள்

பையனுக்கு டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் எடுத்தாயிற்று. தியேட்டருக்குள் நடந்தது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த வேலை. அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் மேஜையில் பட்ட பாட்டை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

காரைக்குடியில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தேதி வாங்கினோம். ரத்தப் பரிசோதனை, ஃபிட்னஸ் எதிலும் சிக்கல் இல்லை. சளி, காய்ச்சல் வந்தால் தள்ளிப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு கல்யாணத்துக்குக்கூட அவனைக் கூட்டிப் போகவில்லை.

அட்மிஷன் போட்டதும் ட்யூட்டி டாக்டர் வந்து, "எவ்வளவு நாளாக் குறட்டை?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஆத்தா (பையனுக்குப் பாட்டி), "பெறந்ததுலேருந்தே இப்படித்தான் டாக்டர், அவுக ஐயா மாதிரி" என்றார். டாக்டரும் சிரித்துக்கொண்டே அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

பல பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. எங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆனால் பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய் என்றால் கணக்கே வேறு, 36 மாதம் வரை போகும். "பிறந்ததிலிருந்து" என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கம்பெனி கேள்வி அனுப்பிவிட்டது: முதலில் எப்போது காட்டினீர்கள், ஆதாரம் எங்கே?

மேஜையில் இருந்தவர் தலையே நிமிரவில்லை. "பழைய ஓபி சீட்டு இருக்கா? இல்லன்னா பணத்தக் கட்டிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கங்க." பையன் பட்டினி. சீட்டோ 90 கிலோமீட்டர் தள்ளி, வீட்டு பீரோவில். தம்பி தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தேதி மங்கலாக இருக்கிறதாம், ஸ்கேன் செய்து ஈமெயிலில் வர வேண்டுமாம். அவன் ஜெராக்ஸ் கடை திறக்கும்வரை வாசலில் நின்றான்.

ஸ்கேன் போன பிறகும் பதில் இல்லை. கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024இல் உத்தரவு போட்டிருக்கிறது. "155255க்குப் போன் பண்ணட்டுமா?" என்று அவர்களுடைய புகார் எண்ணைச் சொல்லிக் கேட்டேன். மனுஷன் அப்போதுதான் நிமிர்ந்தார். சர்ஜனும் சீட்டைப் பார்த்துவிட்டு, முதலில் காட்டியது போன வருடம்தான், குறட்டை விவரம் பாட்டி சொன்னது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மதியம் அனுமதி வந்தது.

இதற்கு நடுவில் பையன் தாகத்தில் சிணுங்க ஆரம்பித்துவிட்டான். சோறு, பால் எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை கொடுக்கலாம் என்பது பொதுவான வழக்கம். நர்ஸ் மூலம் மயக்க மருந்து டாக்டரைக் கேட்க வைத்து, கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். ஆபரேஷன் தள்ளிப் போனால் நீங்களாகக் கொடுக்காதீர்கள், ஆனால் கட்டாயம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தொண்டையில் வெள்ளையாகப் படியும். சீழ் இல்லை, புண் ஆறுகிற விதமே அதுதான். வாய் நாறும், காதும் வலிக்கும். காதில் கோளாறு என்று ஓடாதீர்கள், தொண்டை வலிதான் அங்கே தெரிகிறது. தேன்குழல், சீப்புச்சீடையோடு பார்க்க வந்தவர்களை ஆத்தாவே சமாளித்தார் (அந்தக் கடனாவது தீர்ந்தது). ஐஸ்கிரீம் அலுத்த பிறகு உளுந்து மாவில் கிண்டி ஆறவைத்த கும்மாயம்தான் உள்ளே இறங்கியது.

வலி குறைந்துவிட்டது என்று அசந்துவிடாதீர்கள். ஐந்திலிருந்து பத்தாம் நாள்வரை பக்கு உதிரும்போது ரத்தம் கசியலாம். தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்கினால் எழுப்பி வாயைப் பாருங்கள். சிவப்பாகத் துப்பினால் உடனே ஆஸ்பத்திரிதான், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எங்களைப் போல வெளியூர் என்றால், ராத்திரியில் பக்கத்தில் எங்கே போகலாம் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.