விழா முடிந்த பிறகு படத்தை எடுத்துச் சென்ற அனுபவம்

ஆவணப்படம் எடுப்பவர்கள் படப்பிடிப்புக்கும் படத்தொகுப்புக்கும் ஆகும் செலவைக் கணக்குப் போட்டு வைக்கிறார்கள். விழாவில் முதல் திரையிடல் முடிந்த பிறகு படத்தை மக்களிடம் கொண்டுசேர்க்க ஆகும் செலவையும் காலத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. மறதிநோய் கண்ட பெற்றோரையோ கணவரையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் மூன்று குடும்பங்களைப் பற்றி நாங்கள் எடுத்த 78 நிமிடப் படம், ஒரு சர்வதேச விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டதிலிருந்து இன்றுவரை யாரை, எந்த வழியில் சென்றடைந்தது என்பதை, இதே கட்டத்தில் நிற்பவர்களுக்கு உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

விழாச் சுற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய விழாக்கள் பலவும் உலக அளவிலோ தம் நாட்டளவிலோ முதல் திரையிடல் தமக்கே வேண்டும் என்று கேட்பதால், எதற்கு முதலில் அனுப்புவது என்ற வரிசையைக் கவனமாக முடிவு செய்ய வேண்டும். முதல் திரையிடல் முடிந்துவிட்டால், அதன் பிறகு அழைக்கும் விழாக்களிடம் திரையிடல் கட்டணம் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. எங்களுக்குப் பல விழாக்கள் கொடுத்தன. ஆம்ஸ்டர்டாமில் 1988 முதல் நடந்துவரும் இட்ஃபா ஆவணப்பட விழாவின் 'டாக்ஸ் ஃபார் சேல்' போன்ற சந்தைகளில் படம் இடம்பெற்றால், தொலைக்காட்சி நிறுவனத்தாரும் பிற விழாக்களின் தேர்வாளர்களும் தங்கள் வசதிப்படி படத்தைப் பார்க்க முடிகிறது. ஆனால் இந்தச் சுற்றில் நம் படத்தைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சினிமாவை நேசிப்பவர்கள். அவர்கள் கேமரா ஏன் நோயாளியின் அறையைவிட்டு வெளியே போகவில்லை என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான்; ஆனால் அந்த அறைக்குள் வாழ்கிறவர்கள் அரங்கில் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகில் 5.7 கோடிப் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் எங்கள் பார்வையாளர்கள் என்பதில் எங்களுக்கு ஐயம் இருக்கவில்லை. ஆகவே, முதல் திரையிடலுக்குப் பின் ஒரு விற்பனை முகவர் நீட்டிய ஒப்பந்தத்தை நாங்கள் அந்தக் கண்ணோட்டத்திலேயே படித்தோம். எல்லா நாடுகளுக்கும், எல்லா ஊடகங்களுக்கும், பத்து ஆண்டுகளுக்குப் பிரத்தியேக உரிமை. வருவாயில் முப்பது விழுக்காடு தரகு. விளம்பரச் செலவும் சந்தைச் செலவும் முதலில் கழிக்கப்படும், அதற்கு உச்சவரம்பு கிடையாது. படம் விற்றாலும் விற்காவிட்டாலும் உறுதியாகத் தரும் தொகை, அதாவது மினிமம் கியாரண்டி, எதுவும் கிடையாது. தரகு விழுக்காட்டைவிட ஆபத்தானது அந்த உச்சவரம்பில்லாத செலவுக் கணக்குதான் என்பது என் கருத்து, ஏனெனில் படம் விற்றாலும் இயக்குநரின் கைக்கு எதுவும் வராமல் போவது பெரும்பாலும் அந்த நிபந்தனையினால்தான். கல்வி நிறுவனங்களிலும் சமூக அமைப்புகளிலும் திரையிடும் உரிமையை எங்களிடமே விட்டுவிடும்படி கேட்டோம், அவர் ஒப்பவில்லை. பின்னர் வந்த மற்றொரு முகவர் தொலைக்காட்சி, ஓடிடி உரிமைகளை மட்டும், செலவுக்கு வரம்பு கட்டி, குறித்த காலத்துக்குள் விற்பனை நடக்காவிட்டால் உரிமை எங்களிடம் திரும்பிவிடும் என்ற நிபந்தனையோடு எடுத்துக்கொண்டார்.

இப்படி உரிமைகளைப் பிரித்து வைத்துக்கொள்வது புதிய யோசனை அல்ல. பெண்கள் இயக்கத்தைச் சார்ந்த படங்களை விநியோகிக்க ஆள் கிடைக்காத நிலையில், அமெரிக்காவில் ஜூலியா ரைகர்ட், ஜிம் க்ளைன் முதலான இயக்குநர்கள் 1971-இல் நியூ டே ஃபிலிம்ஸ் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கித் தங்கள் படங்களைத் தாங்களே கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டுசென்றார்கள். அந்த அமைப்பு இன்றும் உறுப்பினர்களுக்கே சொந்தமாக இயங்கிவருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே போதுமான முன்னுதாரணம்.

அடுத்து வந்தது, வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்குப் படத்தைக் காட்டுவது எப்படி என்ற கேள்வி. நோயாளியைத் தனியே விட்டுவிட்டு மாலைக் காட்சிக்கு யாரும் வரமாட்டார்கள். மறதிநோய் உள்ளவர்களில் பலருக்கு மாலை வேளையில்தான் பதற்றமும் குழப்பமும் கூடுகின்றன என்பதைப் படப்பிடிப்பிலேயே பார்த்திருந்தோம். எனவே பராமரிப்பாளர் குழுக்களோடும் மருத்துவமனைகளோடும் பேசி, முற்பகல் வேளையில், பக்கத்து அறையில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள, படத்தைத் திரையிட்டோம். அந்தப் பக்கத்து அறை கிடைக்காத இடங்களில் திரையிட நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. விழாவுக்காகச் செய்த டிசிபியும் (திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதி), பல ஒலிபெருக்கிகளுக்கான 5.1 ஒலிக்கலவையும் இந்த இடங்களில் பயன்படவில்லை. திரைச்சீலை மறைக்காத வெளிச்சத்தில் இரவுக் காட்சிகள் தெரியும்படி சற்றுப் பிரகாசமாக்கிய ஒரு பிரதியையும், சிறிய ஒலிபெருக்கியில் பேச்சு தெளிவாகக் கேட்கும்படி ஒரு ஸ்டீரியோ கலவையையும் தனியே தயாரித்தோம்.

படம் முடிந்ததும் இயக்குநர் எழுந்து பேசும் வழக்கத்தை விட்டுவிட்டு, படத்தில் வரும் மகள்களில் ஒருவரை, அவர் வர முடிந்தபோதெல்லாம், முதலில் பேசச் சொன்னோம். ஒரு மருத்துவமனையின் வகுப்பறையில் நடந்த திரையிடலில், கடைசி வரிசையில் இருந்த வயதானவர் ஒருவர் எழுந்து, "தாழ்ப்பாளை எங்கே வைத்தீர்கள்?" என்று அவரைக் கேட்டார். படத்தில் தாய் இரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியேறும் காட்சி உண்டு. அதற்குப் பிறகு குடும்பத்தார் தாழ்ப்பாளைக் கதவின் அடிப்பகுதிக்கு, தாயின் பார்வை படாத இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அது படத்தில் ஓரிரு நொடிகள்தான் வரும். மகள் எழுந்து சென்று அந்த வகுப்பறைக் கதவிலேயே இடத்தைத் தொட்டுக் காட்டினார், பலர் குறித்துக்கொண்டார்கள். பிறகு அரைமணி நேரத்துக்கும் மேலாகப் பேச்சு மருந்து, தூக்கம், உடன்பிறந்தவர்களோடு வரும் மனத்தாங்கல் என்று அவர்களுக்குள்ளேயே நடந்தது. இந்தப் படத்துக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறெதுவும் இருக்க முடியாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கட்டணத்தை அமைப்பின் வசதிக்கேற்ப வகுத்தோம். நிதி இல்லாத குழுக்களிடம் பெயரளவுக்கு ஒரு தொகை. பல்கலைக்கழகங்களிடமும் பெரிய மருத்துவமனைகளிடமும் பல ஆண்டுகள் பயன்படுத்தும் உரிமைக்கான முழுத் தொகை. முதுமை மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்திய சில பக்க உரையாடல் கையேட்டைப் படத்தோடு சேர்த்தே கொடுத்தோம். செவிலியர் கல்லூரிகள் ஒரு பாடவேளைக்குள் அடங்கும் பதிப்பைக் கேட்டதால், ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு 35 நிமிடப் பதிப்பு ஒன்றைச் செய்தோம். மறதிநோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் நோய்க்கான உலக நாள் செப்டம்பர் 21 என்பதால் அந்த மாதம் முழுவதும் அமைப்புகள் நிகழ்ச்சி நடத்துகின்றன. ஆனால் அவை மாதங்களுக்கு முன்பே நிகழ்ச்சியை முடிவு செய்துவிடுவதால், எங்கள் கடிதங்கள் கோடைக்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது.

பணத்தை அதிகம் விழுங்கியது ஒரு பாடல். பேச்சை ஏறக்குறைய இழந்துவிட்ட ஒரு பெரியவர், வானொலியில் பழைய பாடல் ஒன்று ஒலிக்கையில் சரணத்தைப் பிசகாமல் பாடுகிறார். அந்தக் காட்சி இல்லாமல் படம் இல்லை. பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமையாளர்கள் வேறு வேறு என்பதால் இரண்டு உரிமங்கள் தேவை, விழாக்களுக்கு மட்டும் வாங்கினால் விலை மிகக் குறைவு. விழா உரிமம் வாங்கும்போதே, பின்னாளில் கல்வி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றுக்கு என்ன விலை என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொண்டோம். படத்துக்குத் தேவை ஏற்பட்ட பிறகு போய்ப் பேரம் பேசினால் நம் பக்கம் வலு இருப்பதில்லை.

தொலைக்காட்சிக்கு 52 நிமிடப் பதிப்பு விற்றபோது, படத்தை அவர்கள் மட்டுமே காட்ட வேண்டும் என்று கேட்ட பிரத்தியேகக் காலத்தில், பொதுமக்களுக்கு டிக்கெட் விற்காத மூடிய திரையிடல்களுக்கு விலக்கு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம். ஒரே ஒரு பத்திதான். ஆனால் அது இல்லாதிருந்தால் மருத்துவமனைத் திரையிடல்கள் எல்லாம் நின்றுபோயிருக்கும். ஒளிபரப்புக்குப் பிறகு எங்களுக்கு வந்த கோரிக்கைகளில் பல, பார்வையாளர்கள் தாங்கள் அதுவரை கேள்விப்பட்டேயிராத பராமரிப்பாளர் குழுக்களை விசாரித்து வந்தவை. அவர்களை அந்தந்தக் குழுக்களோடு இணைத்துவிடுவதும் இப்போது எங்கள் வேலையாகிவிட்டது.

படத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். நோயாளிகளால் தாமாக ஒப்புதல் தர இயலாது. அவர்கள் சார்பில் குடும்பத்தார் விழாக்களுக்கும் ஒளிபரப்புக்கும் மூடிய திரையிடல்களுக்கும் மட்டுமே ஒப்புக்கொண்டார்கள். யாரும் எப்போதும் வெட்டி எடுத்துப் பகிரக்கூடிய ஒரு வெளியில் தம் தாயின் முகம் இருப்பது முற்றிலும் வேறு விஷயம். தொலைக்காட்சியின் பிரத்தியேகக் காலம் அடுத்த ஆண்டு முடிகிறது; அதன் பிறகு கட்டணம் செலுத்திப் பார்க்கும் வகையில் இணையத்தில் வெளியிடுவதற்காக மூன்று குடும்பங்களிடமும் புதிதாக ஒப்புதல் கேட்டிருக்கிறோம். இரண்டு குடும்பங்கள் சம்மதித்துவிட்டன. மூன்றாவது குடும்பத்தார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முடிவு சொல்லும்வரை இணைய வெளியீட்டுக்கு நாள் குறிப்பதாக இல்லை.