ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கர் அவரை: பனிக்கால டைரி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விதைச்சாச்சு. பெங்களூர் மடிவாளால இருந்து விடிகாலை பஸ் புடிச்சு வந்து சேரும்போதே அப்பா பாதி நிலம் முடிச்சிருந்தாரு. எட்டு சால் ராகி, ஒரு சால் அவரை, திரும்ப எட்டு சால் ராகி. பக்கத்து நிலத்து அஜ்ஜா (கன்னடத்துல தாத்தா) இதை அக்கடி சாலுன்னு சொல்லுவாரு. ராகி நவம்பர் கடைசில அறுத்துடுவோம், அதுக்கப்புறம் நிலம் முழுக்க அவரைக்குத்தான். மண்ணுல மிச்சம் இருக்குற ஈரத்துலயும் பனியிலயும் அது பாட்டுக்கு வளரும், தண்ணி பாய்ச்ச வேண்டாம்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். நமக்கு அவரைக்காய்னா தட்டையா நறுக்கி பொரியல் பண்றது. பெங்களூர்ல அவரைக்காய்னு கேட்டா உள்ள இருக்குற கொட்டைக்காக, அதாவது நம்ம பச்ச மொச்சை. ரெண்டும் ஒரே இனம்தான், ஆனா கல்யாணம் ஆகி வந்த புதுசுல என் அண்ணி தோலோட நறுக்கி கூட்டு வச்சுட்டாங்க, அன்னைக்கு யாரும் வாயே திறக்கல, சாப்பிடவும் இல்ல.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஓரமா பத்து சால் காலியா விட்டிருந்தோம், அதுல இன்னைக்கு ஹெப்பாள் அவரை போட்டேன். இங்க வேளாண் பல்கலைக்கழகத்துல உருவாக்குன குட்டை ரகம், எந்த மாசம் போட்டாலும் காய்க்கும். ஆகஸ்ட்ல போட்ட நாட்டு ரகம் அப்படி இல்ல. போன வருஷம் அவசரப்பட்டு மே மாசமே நாட்டு விதை போட்டு நான் பட்ட அவமானம் இந்த ஏரியாவுக்கே தெரியும். இடுப்பு உயரத்துக்கு காடு மாதிரி இலை, ஒரு பூ கிடையாது. உரம் போதலயோ, விதை கெட்டதோன்னு நான் அலைஞ்சுட்டு இருந்தேன், அஜ்ஜா சிரிச்சுட்டே "பனி விழணும்மா"ன்னாரு. அப்புறம்தான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், பனி ஒரு அடையாளம்தான், செடி உண்மையில கணக்கு வைக்கிறது பகல் நேரத்தை. ஜூன்ல இங்க பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம், டிசம்பர்ல பதினொன்றரைக்கும் கொஞ்சம் கம்மி. ராத்திரி நீளமானாத்தான் நாட்டு அவரை பூக்கும், என்ன கெஞ்சினாலும் அதுக்கு முன்னாடி கிடையாது.

நாட்டு செடி ஒண்ண வேரோட புடுங்கி பார்த்தேன். வேர்ல கடுகு சைஸ்ல, சிலது மிளகு சைஸ்ல முடிச்சு முடிச்சா இருக்கு. நகத்தால ஒண்ண கீறினா உள்ள நல்ல ரோஸ் கலர். காத்துல இருக்குற நைட்ரஜனை ரைசோபியம் பாக்டீரியா புடிச்சு வைக்கிற இடம் அது. ரோஸா இருந்தா வேலை நடக்குது, பச்சையோ பழுப்போ ஆயிருந்தா படுத்துடுச்சுன்னு அர்த்தம். பூச்சி கடிச்சிருக்குன்னு அப்பா தூக்கிப் போட போனாரு, விடல.

அக்டோபர் 26, ஞாயிறு

ஹெப்பாள் பூ வச்சிடுச்சு. நாட்டுல இன்னும் ஒண்ணும் காணோம். நாலு நாளா மோடம், அதனால கொழுந்துல கருப்பா அசுவினி அப்பியிருக்கு, அது விடுற இனிப்புத் தண்ணிக்கு எறும்பு வரிசை கட்டி ஏறுது. வேப்பெண்ணெய்ல சோப்பு கரைச்சு அடிச்சோம். பொறிவண்டு இருந்த செடிகளை விட்டுட்டேன், அது தின்னுக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

ஹெப்பாள் முதல் பறிப்பு, மூணு மூட்டை. சீசன் இன்னும் சூடு புடிக்கல, அதனால கிலோவுக்கு நல்ல ரேட்டுன்னு சந்தோஷமா கொண்டு போனா மண்டில ஒருத்தர் மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவுன்னு அவரே எழுதிக்கிட்டாரு, ஏன்னு கேட்டா ஈரமாம். காலைல பறிச்ச காய் ஈரமா இல்லாம இஸ்திரி போட்டா வரும். அப்புறம் ஒரு காயை எடுத்து மூக்குக்கிட்ட வச்சு உதட்டைப் பிதுக்கினாரு பாருங்க, அந்த ரெண்டு கிலோவை விட அதுதான் எனக்கு வலிச்சுது. ஏன்னா அவர் சொன்னது சரி. இதுல வாசனை இல்ல.

அடுத்த ஞாயிறு ராகி அறுப்பு.

டிசம்பர் 7, ஞாயிறு

நாட்டு அவரை ஒரு வழியா பூத்து நிக்குது. பூவோட காய்ப்புழுவும் வந்தாச்சு. அந்துப்பூச்சி மொட்டுல முட்டை வச்சுட்டுப் போக, அதுல வர்ற புழு பூவைத் தின்னு, காயில ஓட்டை போட்டு தலையை மட்டும் உள்ள விட்டுட்டு உடம்பு வெளிய தொங்க சாவகாசமா சாப்பிடுது. அப்பா மருந்து அடிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. எனக்கு மனசு வரல, பத்து நாள்ல பறிக்க ஆரம்பிப்போம், அப்புறம் நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை பறிப்போம், அடிச்ச மருந்து எங்க போகும், நேரா சாம்பாருக்குத்தான். கடைசில அம்மாவோட பழைய சேலை ரெண்டை சாலுக்கு ரெண்டு பக்கமும் விரிச்சு செடியைப் புடிச்சு உலுக்கினோம். பொத்து பொத்துன்னு விழுந்துச்சு, சோப்புத் தண்ணி வாளில அள்ளிப் போட்டோம். ஒரு பக்க சேலை முடியறதுக்குள்ள இடுப்பு போயிடுச்சு. தம்பி எட்டு இடத்துல மேல குறுக்குக் கட்டை வச்சு குச்சி நட்டான், சாயங்காலமே கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து ஒரு புழுவைத் தூக்கிட்டுப் போச்சு. எல்லாம் போகாது. பத்து காய்க்கு ரெண்டு காய் ஓட்டையாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், இருந்துட்டுப் போகட்டும்.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்னைக்கு எழுதறதுக்குத்தான் இத்தனை மாசம் எழுதிட்டு வந்தேன்னு வச்சுக்கோங்க.

ஆறு மணி, பனில அஜ்ஜா வீட்டு தென்னை மரம் கூட தெரியல. செடிக்குள்ள நடந்தா சேலை முட்டி வரைக்கும் நனையுது. முதல் காயைத் தொட்டதும் விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சு, மெழுகுமில்ல எண்ணெயுமில்ல, ரெண்டுக்கும் நடுவுல. அதுதான் சொகடு. காயோட தோல்ல ஊறுற ஒரு பிசுக்கு. வாசனை எப்படின்னு கேட்டா பச்சையா, கொஞ்சம் நெய் மாதிரி, கொஞ்சம் காட்டமா... பெங்களூர்க்காரங்க கிட்ட கேட்டா கண்ணை மூடிக்கிட்டு "ஆஹா"ம்பாங்க, அதுக்கு மேல அவங்களாலயும் சொல்ல முடியாது. பெங்களூர் பக்கத்து மாகடி ஊர் பேரைச் சொல்லி மாகடி அவரைக்காய்னு தள்ளுவண்டில கத்தி விக்கிறதும், வாங்குறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி மோந்து பாக்குறதும் இதுக்காகத்தான். அஜ்ஜா வரப்புல நின்னு ஒரு காயைக் கசக்கி மோந்துட்டு "சொகடு சென்னாகிதெ"ன்னாரு. அவர் வாயால நல்லா இருக்குன்னு வர்றது லேசுல கிடையாது.

மண்டிக்குப் போகல. தம்பி டெம்போல எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல இறக்கி விட்டான், ஓட்டைக் காயை மேலயே வச்சு, மருந்து அடிக்கல புழு இருக்கும்னு சொல்லித்தான் வித்தேன், ஒன்பதரைக்குள்ள காலி. மூணாவது மாடி அம்மா மட்டும் புழுவைப் பார்த்து கத்திட்டு, அப்புறம் இறங்கி வந்து அஞ்சு கிலோ வாங்கிட்டுப் போனாங்க.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கீழ்வீட்டுல இருந்து எள்ளு வெல்லத்தோட வேகவச்ச அவரைக்காய், கடலைக்காய் வந்துச்சு, நம்ம வீட்டுல இருந்து பொங்கலும் மொச்சைக் குழம்பும் போச்சு. சரியான பண்டமாத்து.

நேத்து ராத்திரி ஊற வச்ச கொட்டையை டிவி முன்னாடி உட்கார்ந்து எல்லாரும் பிதுக்கினோம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அமுக்கினா பருப்பு சளக்குன்னு எகிறும், அண்ணன் பையன் வேணும்னே என் மேல குறி வச்சு எகிற விட்டான். கன்னடத்துல ஹிதகவரே, எங்க கிருஷ்ணகிரி பக்கம் பிதுக்குப் பருப்பு. மத்தியானம் குழம்பும் ராகிக் களியும், ரெண்டும் ஒரே நிலத்துல வந்தது. அண்ணி இப்போ வைக்கிற பிதுக்குப் பருப்புக் குழம்பு அம்மா கையை விட நல்லா இருக்கு, இத நான் இங்கதான் எழுத முடியும்.

பெங்களூர் அவரைக்காய் மேளால ஜிலேபி, ஜாமூன் எல்லாத்துலயும் இதைப் போடுவாங்க. எனக்கு அதுல தோசை ஓகே, ஜாமூன்ல அவரை என்னத்துக்குன்னு புரியல.

பிப்ரவரி 15, ஞாயிறு

செடி காஞ்சாச்சு. கணக்குப் பார்த்தா ஹெப்பாள்தான் விதைக்காசு, கூலி எல்லாம் திருப்பிக் குடுத்துச்சு, நாட்டு லாபம் அதுல பாதி கூட இல்ல. அப்பா அடுத்த வருஷம் ஹெப்பாள் கூடப் போடலாம்ங்குறாரு. இருபது சாலுக்கு ஒத்துக்கிட்டேன், அதுக்கு மேல இல்ல.

நாட்டு நெத்துல நல்லதா பொறுக்கி அடிச்சு மூணு கிலோ விதைக்கு எடுத்து வச்சோம். அம்மா செம்மண்ணைக் குழைச்சு விதையெல்லாம் பூசி வெயில்ல காய வச்சாங்க, வண்டு துளைக்காம இருக்க. போன வருஷம் இது வேலை மெனக்கெட்டுன்னு சும்மா டப்பால போட்டு வச்சேன், ஜூலைல திறந்தா விதையை விட வண்டுதான் ஜாஸ்தி. இந்த வருஷ விதை டப்பா இப்போ ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. அங்க வைக்காத, சூடு படும்னு அம்மா, வேற எங்க இடம் இருக்குன்னு நான்.