உதகை பஜாரில் ஒரு கடைக் கட்டடம்

உதகையின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஜான் சல்லிவனின் கல் பங்களாவையும், புனித ஸ்டீபன் தேவாலயத்தையும், ராபர்ட் சிஷோம் வடிவமைத்த நீலகிரி நூலகத்தையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பஜாரில் வரிசையாக நிற்கும் கடைக் கட்டடங்களை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. என் தாத்தாவும் பிறகு என் அப்பாவும் வாடகைக்கு மளிகைக் கடை நடத்திய கட்டடம் அப்படிப்பட்ட ஒன்று என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

சாலையிலிருந்து பார்த்தால் அது இரண்டு மாடிக் கட்டடம். பின்பக்கச் சந்திலிருந்து பார்த்தால் மூன்று மாடி. சரிவான நிலத்தைச் சமப்படுத்தாமல், கீழே ஒரு தளத்தைக் கருங்கல்லில் எழுப்பி, அதன் கூரையையே மேல் சாலையின் மட்டத்துக்குக் கடைத் தரையாக்கியிருக்கிறார்கள். சரக்கு கீழ்ச்சந்து வழியாக உள்ளே போகும், வாடிக்கையாளர் மேல் சாலை வழியாக வருவார், இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. சமவெளியில் கொல்லைப்புறம் செய்யும் வேலையை இங்கே தரைக்கு அடியிலிருக்கும் தளம் செய்தது.

கடையின் உள்ளே எல்லாமே ஈரத்துக்கு எதிராகச் செய்யப்பட்டவை. உப்பு, வெல்லம், தீப்பெட்டி ஆகிய மூன்றையும் மழை மாதங்களில் காப்பாற்றுவதுதான் மலைக்கடைக்காரரின் முதல் கவலை. அதனால் அலமாரிகள் சுவரை ஒட்டாமல் ஒரு கையகலம் தள்ளி நிற்கும். மரத்தரை கல்லிலிருந்து உயர்த்தப்பட்டிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே பலகை அடித்த பரண் ஒன்று, மழை இரைச்சலையும் தகரத்தின் உட்புறத்தில் கசியும் நீர்த்துளியையும் தடுக்கும். முகப்பில் சமவெளிக் கடைகளுக்குரிய திறந்த திண்ணை கிடையாது. சிறு சிறு சட்டங்களாகப் பிரித்த கண்ணாடி முகப்பும், இரவில் ஒவ்வொன்றாகச் செருகி மூடும் எண் போட்ட பலகைக் கதவுகளும் உண்டு. மூடுபனியில் வெளிச்சம் உள்ளே வர வேண்டும், குளிர் வரக்கூடாது என்ற தேவைதான் அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரர் பாணி என்று மட்டும் சொல்லி அதைக் கடந்துவிடுவது அதைக் கட்டியவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும் என்றே நான் நினைக்கிறேன்.

கட்டடத்தின் பின்பாதியில் மர உத்திரங்களும் முன்பாதியில் இரும்பு உத்திரங்களும் உள்ளன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் வந்த மலை ரயில், 1908இல்தான் உதகையை எட்டியது; அதுவரை கனமான சரக்கு மலைச்சாலையில் மாட்டு வண்டியில் ஏற வேண்டியிருந்தது. ஆகவே முன்பாதி ரயிலுக்குப் பின் சேர்க்கப்பட்டது என்பது என் கணிப்பு. கடை முகப்பை அகலப்படுத்தும் அளவுக்கு அப்போது வியாபாரமும் இருந்திருக்க வேண்டும். சென்னை மாகாண அரசு கோடைதோறும் இங்கே இடம்பெயர்ந்த காலம் அது. சில மாதச் சீசனில் ஆண்டு முழுவதற்கும் சம்பாதிக்க வேண்டும் என்ற பஜாரின் பழக்கம் அப்போது தொடங்கி இன்றுவரை மாறவில்லை.

எங்களுக்கு முன் அங்கே கம்பளித் துணி தைக்கும் தையல்காரர் இருந்ததாகத் தாத்தா சொல்வார். பிறகு கட்டடம் இரண்டாகத் தடுக்கப்பட்டு, எங்கள் மளிகைக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வந்தது. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்தபின், ஊரில் பிலிமும் கேமராவும் தெரிந்தவர்கள் பெருகியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் சன்னலில்லாத கீழ்த்தளத்தின் ஒரு மூலையை இருட்டறையாக்கிக்கொண்டார். சரக்கறைக்காகக் கட்டிய இருட்டு அவருக்கு அப்படியே பயன்பட்டது. இன்று அந்தத் தொழிற்சாலையும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. இரு பாதிகளிலும் சாக்லேட், தேயிலைத்தூள், நீலகிரித் தைலம், வர்க்கி விற்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு ஊட்டி வர்க்கியைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவோரைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

என் வருத்தம் முகப்பைப் பற்றியது. கண்ணாடிச் சட்டங்களை மறைத்துப் பளபளக்கும் விளம்பரத் தகடு அடித்திருக்கிறார்கள், சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடங்களில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு, ஈரம் உத்திரம் சுவரில் பதியும் இடம் வரை ஏறி மரத்தை இற்றுப்போகச் செய்யும். பின்பாதியில் இரண்டு உத்திரங்களின் முனைகள் இப்போதே மெத்தென்று ஆகியிருக்கின்றன. விளம்பரத் தகட்டை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். சிமென்ட் பூச்சை மட்டும் அடுத்த மழைக்கு முன் உரித்துச் சுண்ணாம்பு பூசும்படி கட்டட உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.