பட்டிக்குக் காவல்: நாயா, கழுதையா?

ஆடு செத்துக் கிடந்தால் முதலில் காயத்தைப் பாருங்கள். எந்தக் காவல் வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். தொடை, காது, வயிறு என்று கண்ட இடமெல்லாம் கடிபட்டு, ஒரே இரவில் பல ஆடுகள் விழுந்து, தின்னாமல் கிடந்தால் பெரும்பாலும் தெருநாய்க் கூட்டம். இளங்குட்டி மட்டும் காணாமல் போனால் நரியைச் சந்தேகிக்கலாம். தொண்டையில் பல் பதிந்து, உடலை இழுத்துப்போன தடமும் இருந்தால் சிறுத்தை.

சிறுத்தை நடமாடும் மலையடிவாரத்தில் நாயை நம்பித் திறந்த பட்டி போடாதீர்கள். சிறுத்தைக்கு நாயும் இரைதான். இமயமலை மேய்ப்பர்கள் நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவது அதனால்தான். சிறுத்தை வரும் இடத்தில் கூரையும் கம்பிவலையும் உள்ள கொட்டகைதான் காவல். நாய் குரைத்து எழுப்பினால் போதும்.

நரிக்கும் தெருநாய்க்கும் நாய் வைக்கலாம். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் வேண்டாம். இரண்டும் வேட்டை நாய்கள். ஓடுவதைத் துரத்தும் குணம், துள்ளும் ஆட்டுக்குட்டியிடமும் வெளிப்படும். ராஜபாளையமும் கோம்பையும் வீடு, தோட்டம் காப்பதில் கெட்டி என்றாலும் மந்தைக்குள் வாழ்வதற்கென்று உருவானவை அல்ல. ராஜபாளையம்தான் வேண்டும் என்றால், குட்டிக்குத் தெரியாமல் பின்னாலிருந்து தட்டைத் தட்டிக் காது கேட்கிறதா என்று பாருங்கள். அந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு.

பட்டியிலேயே வாழும் நாட்டு நாய் ஈன்ற குட்டியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். நமீபியாவில் சிவிங்கிப்புலியிடமிருந்து ஆடுகளைக் காக்க 1994 முதல் துருக்கியின் கங்கல் வகை நாய்களை விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் நவஹோ மக்கள் கலப்பு நாய்களையே குட்டியிலிருந்து ஆட்டோடு வளர்த்துக் காவலாக்கியிருக்கிறார்கள். இனத்தைவிட வளர்ப்புக்கு எவ்வளவு கனம் என்பதற்கு இதுவே சான்று.

ஏழெட்டு வாரத்தில் குட்டியைப் பட்டிக்குள் விடுங்கள். நான்கு மாதம் வரைதான் ஆட்டைத் தன் கூட்டமாக ஏற்கும் பருவம். வீட்டுத் திண்ணையில் வளர்ந்தால் அது வீட்டைத்தான் காக்கும். மூலையில் ஒரு தடுப்பு வைத்து, குட்டி மட்டும் நுழையும் சந்து விடுங்கள். தாயாடு முட்ட வந்தால் அங்கே ஒதுங்கட்டும், சோறும் அங்கேயே. அதற்காக மனிதர் வாடையே இல்லாமல் வளர்க்கக் கூடாது. ஊசி போடவும் கயிறு கட்டவும் கைக்கு அடங்க வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை பலர் பொறுமை இழக்கிறார்கள். விளையாட்டாகத் துரத்தும், காதைக் கடிக்கும். உடனே அதட்டுங்கள். ஆளில்லாத நேரத்தில் இளங்குட்டிகளோடு விடாமல், தன்னைவிடப் பெரிய, முட்டத் தெரிந்த ஆடுகளோடு விடுங்கள். அதே நாய் இரண்டு வயதில் அருமையாக நிற்கும். தெருநாய்கள் கூட்டமாக வரும் இடத்தில் ஒற்றை நாய் தாங்காது, இரண்டு வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டால் ஊர் சுற்றுவது குறையும்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் மாத்திரை, எடைக்கேற்ற அளவில். ஆட்டுத் தலையையும் குடலையும் பச்சையாக நாய்க்குப் போடவே கூடாது. அதிலிருந்து வரும் நாடாப்புழுவின் முட்டை, நாயின் சாணம் வழியாக மேய்ச்சலில் கலந்து ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும். காவலுக்கு வைத்த நாயே மந்தையை அழிக்கும்.

கழுதைக்கு நாய் இனத்தையே பிடிக்காது. கத்தி, விரட்டி, உதைக்கும். ஒன்றிரண்டு நாய்க்கோ நரிக்கோ ஈடுகொடுக்கும், கூட்டத்துக்கு அல்ல. பெட்டையையோ காயடித்த ஆணையோ வாங்குங்கள். காயடிக்காத ஆண் கழுதை, ஆடுகளையே கடித்துக் கொல்லக்கூடும். மந்தைக்கு ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு ஆட்டை மறந்துவிடும். பழக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆடு ஈனும் நாட்களில் தள்ளிக் கட்டுங்கள். கோழித் தீவனத்தை அதன் வாய்க்கு எட்டும்படி வைக்காதீர்கள். ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்து கழுதையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.